இருபத்தேழு வருஷப் பிரசவம்

கண்ணாடிக் கடை அத்தை ஞாயிற்றுக்கிழமை பரிந்துரை ஜெபம் சொல்ல எழுந்தால், பின்வரிசைக்காரர்கள் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். அது சீக்கிரத்தில் முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். நாட்டை ஆளுகிறவர்கள், நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், ஒழுகுகிற ஆலயக் கூரை, அடுத்த தெருவில் வழுக்கி விழுந்த தபால்காரர் என்று ஒருவரையும் விட்டுவிடாமல் ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி அந்த ஒரு வரியைச் சொல்வாள். “கடலுக்கு அப்பால் பிரசவ வலியில் இருக்கிற அந்தத் தாயையும் அந்தக் குழந்தையையும் காத்தருளும்.” சபை முழுவதும், “ஆண்டவரே, கேட்டருளும்” என்று சொல்லும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அந்தத் தாய்க்கு வலி எடுத்து இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது.

சபையில் இதை யாரும் பெரிதுபடுத்தியதில்லை. கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. பாடகர் குழுவில் மட்டும் யாராவது, “யானைக்கே ரெண்டு வருஷத்துல முடிஞ்சிடும்” என்று முணுமுணுப்பார்கள். அந்த யாராவது பெரும்பாலும் அத்தையின் புருஷன்தான். கடையில் லென்ஸ் அறுப்பது அவர் வேலை, பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடுவது அவர் சேவை, பெண்டாட்டியைச் சீண்டுவது அவர் பொழுதுபோக்கு. சபைக்கு அவள் அத்தை என்பதால் அவர் எல்லாருக்கும் மாமா.

வலி எடுத்த கதை இதுதான். அப்போது ஆலய அலுவலறையில் ஒரு கறுப்புத் தொலைபேசி இருந்தது. ஒரு ஞாயிறு, பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது அத்தை தண்ணீர் குடிக்க வெளியே போனாள். அலுவலறையில் மணி அடித்தது. உள்ளே கேட்டு ஆயருக்குப் பேச்சு தடுமாறிவிடப் போகிறதே என்று ஓடிப்போய் எடுத்தாள்.

“யாருடி, நீயா? நல்லவேளை.”

அந்தக் குரலை அத்தைக்குத் தெரியாமல் இருக்குமா. ஞாயிறு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கிழித்த சிநேகிதி. பிறகு படித்து டாக்டராகி, இதே சபை கைவைத்து ஜெபித்து அனுப்ப, கடல் தாண்டி ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனவள். சபையில் எல்லாருக்கும் அவள் டாக்டரம்மா. அத்தைக்கு மட்டும் கடைசி வரை ‘ஏய்’தான்.

“ஏய், என்னடி திடீர்னு?”

“கேளு. லைன் எப்ப வேணா கட்டாகும். இங்க ஒரு பொண்ணு, மூணு நாளா வலி. குழந்தை குறுக்கால கிடக்கு. அறுத்துத்தான் எடுக்கணும். கரண்ட் இல்ல, கூட ஒரே ஒரு நர்ஸ். சபை மொத்தமும் இப்ப அங்கதான இருக்கு? போய் சொல்லு. பிரசங்கம் முடியட்டும்னு நிக்காத.”

“சொல்றேன். அந்தப் பொண்ணு பேரு என்ன?”

பதில் வரவில்லை. லைன் போய்விட்டது.

அத்தை தண்ணீரை மறந்தாள். ஆலயத்துக்குள் நுழைந்து, நடுப்பாதையில் விறுவிறுவென்று நடந்து, பிரசங்க மேடைக்கு நேர் கீழே போய் நின்றாள். பழைய ஆயர் அப்போதுதான் மூன்றாவது தலைப்புக்கு வந்திருந்தார். பிரசங்கத்தின் நடுவே யாராவது இருமினாலே முறைக்கிற மனிதர் அவர். அத்தை சொன்னதைக் கேட்டதும் புத்தகத்தை மூடினார், படியிறங்கினார், அங்கேயே முழங்காலிட்டார். நிமிஷத்தில் ஆலயம் முழுக்க முழங்காலில் இருந்தது. அன்று மூன்றாவது தலைப்பு என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்த வாரமே அந்த நாட்டில் கலவரம் மூண்டது. ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு எல்லாரையும் வெளியேற்றினார்கள். டாக்டரம்மாவுக்கு வழியில் காய்ச்சல் கண்டது. ஊர் வந்து சேரவில்லை. அவள் போய்விட்டாள் என்ற தகவல் மட்டும் வந்தது. சபை அழுதது, அத்தை மாதக்கணக்கில் அழுதாள். அந்தத் தாய் என்ன ஆனாள், குழந்தை பிழைத்ததா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இங்கே இந்தச் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆலயத்தில் வாய்விட்டுக் கேட்ட வேண்டுதலை வாய்விட்டு நன்றி சொல்லித்தான் முடிக்க வேண்டும். அதுவும் கேட்டவரே எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் அது தொடரும். ஒருமுறை எலக்ட்ரீஷியன் ஒருவர் வேலைக்காக வேண்டச் சொல்லிவிட்டு, வேலை கிடைத்த சந்தோஷத்தில் நன்றி சொல்ல மறந்துபோனார். சபை மாதக்கணக்கில் அவருடைய வேலைக்காக மன்றாடியது. கடைசியில் அவருடைய முதலாளியே ஆலயத்துக்கு வந்து கேட்டுவிட்டு, ‘என்னப்பா, வேற இடம் பாக்கறியா’ என்று மனம் வருந்தினார். அதற்குப் பிறகு யாரும் மறப்பதில்லை.

தாயையும் குழந்தையையும் பற்றிய வேண்டுதலைக் கொண்டுவந்தவள் அத்தை. முடிக்க வேண்டியவளும் அத்தைதான். என்ன சொல்லி முடிப்பது? ஒரு ஞாயிறு தொடர்ந்தது, ஒரு வருஷம் தொடர்ந்தது, பிறகு யாரும் எண்ணவில்லை.

வெளியே சொல்லாத பயம் ஒன்று அத்தைக்கு இருந்தது. இரண்டு பேருமே அன்றைக்கே செத்துப்போயிருந்தால்? மண்ணுக்குள் போனவர்களுக்குச் சுகப்பிரசவம் கேட்டு ஒரு பைத்தியக்காரி வாரம் தவறாமல் எழுந்து நிற்கிறாளா? சில சனிக்கிழமைகளில் இந்த நினைப்பு வந்து தூக்கத்தைக் கெடுக்கும். ஞாயிறு காலை ஆனதும் மறுபடி எழுந்து நின்று அதே வரியைச் சொல்வாள். சொல்லாமல் உட்கார அவளால் முடிந்ததில்லை.

புது ஆயர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு, எதையும் ஒழுங்குபடுத்தாமல் விடமாட்டார். வந்த கையோடு ஆலயத்தில் பெரிய திரை மாட்டினார், பாட்டு வரிகள் சுவரில் வந்தன, கூரை ஒழுகுவதும் நின்றது. ஒழுகல் நின்றதற்கு அத்தை எழுந்து முறைப்படி நன்றி சொன்னாள். அதனால் ஆயர் மீது அவளுக்கு மரியாதை உண்டு. வாய் நிறைய ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும் அது ‘தம்பி’ ஆகிவிடும்.

ஒரு நாள் காலை அவர் கடைக்கு வந்தார். ஃபிரேம் தளர்ந்துவிட்டது, குனிந்தால் கண்ணாடி வேதாகமத்தின் மேல் விழுகிறது என்றார். அத்தை அதை வாங்கி, காதில் மாட்டும் கம்பியைச் சூடு காட்டி மெல்ல வளைக்க ஆரம்பித்தாள். கண்ணாடி இல்லாத ஆயருக்கு எதிரே இருப்பது அத்தையா அலமாரியா என்பதே நிச்சயமில்லை. அதனால்தான் தைரியமாகப் பேச்சை எடுத்தார் என்று மாமா பிற்பாடு சொன்னார்.

“அத்தை, ஒண்ணு கேக்கலாமா? அந்தக் குழந்தைக்கு இப்ப இருபத்தேழு வயசு ஆகியிருக்கும்.”

“ஆகட்டும்.”

“நாம இன்னும் பிரசவ வலின்னு சொல்லிட்டிருக்கோமே.”

“பிறந்துச்சுன்னு யாரும் எனக்குச் சொல்லலையே, ஐயா.”

“புதுசா வர்றவங்க குழம்பிடறாங்க அத்தை. போன வாரம் ஒரு அம்மா ஆராதனை முடிஞ்சதும் என்கிட்ட வந்து, எந்த ஆஸ்பத்திரி, ரத்தம் வேணுமான்னு கேட்டாங்க.”

உள்ளே லென்ஸ் அறுக்கும் இயந்திரம் சட்டென்று நின்றது. மாமா சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. அத்தை அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், இயந்திரம் மறுபடி ஓடியது.

“விசுவாசத்தோட நன்றி சொல்லி முடிச்சிடலாமே அத்தை. ஆண்டவர் நல்லதுதான் செஞ்சிருப்பார்னு நம்பி.”

அத்தை கையிலிருந்த கண்ணாடியை மேசைமேல் வைத்தாள்.

“தம்பி, நல்லபடியா பிறந்திருந்தா நன்றி சொல்லணும். இல்லேன்னா உக்காந்து அழணும். எதுன்னு தெரியாம நான் எழுந்து நின்னு என்னத்தச் சொல்றது? தெரியாம நன்றி சொன்னா அது ஆண்டவரை ஏமாத்தற மாதிரி ஆகாதா?”

ஆயர் யோசித்தார். அவர் அடாவடி பண்ணுகிறவர் அல்ல. “சரி அத்தை, நான் மிஷன் தலைமை அலுவலகத்துல விசாரிக்கறேன். தெரிஞ்சா நன்றி சொல்லி முடிப்போம். தெரியலைன்னா வர்ற மிஷன் ஞாயிறோட அதை முடிச்சுக்கலாம். என்ன சொல்றீங்க?”

அத்தை கண்ணாடியை எடுத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். காதுக்குப் பின்னால் விரலால் தடவி, அழுத்துகிறதா என்று பார்த்தாள். அழுத்தவில்லை. கோபமாக இருந்தாலும் வேலையில் குறை வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ஆயர் சொன்னபடி விசாரித்தார். ஒன்றல்ல, பலமுறை. தலைமை அலுவலகம் கையை விரித்துவிட்டது. ஆஸ்பத்திரி எரிந்துபோனது, நோயாளிகளின் விவரம் எதுவும் மிஞ்சவில்லை, அந்த நர்ஸும் காலமாகிவிட்டார். ஆனால் ஒரு நல்ல செய்தி இருந்தது. அந்த ஊரில் சபை மறுபடி கூடுகிறதாம். ஆலயம் கட்டி ஆராதனை நடத்துகிறார்களாம். நம்முடைய டாக்டரம்மா உழைத்த ஊராயிற்றே என்று ஆயருக்கு உற்சாகம் பொங்கியது. மிஷன் ஊழியங்களுக்காக ஜெபிக்கிற மிஷன் ஞாயிறன்று அந்தச் சபையோடு திரையில் முகம் பார்த்துப் பேச, தலைமை அலுவலகம் மூலமாகவே ஏற்பாடு செய்துவிட்டார். டாக்டரம்மாவை அனுப்பியது இந்தச் சபைதான் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல விட்டுப்போனது. அந்தத் தாயைப் பற்றி அவர்களிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, அத்தைக்கும் தோன்றவில்லை. தலைமை அலுவலகத்துக்கே தெரியாதது வேறு எங்கே தெரியப்போகிறது என்று இருந்துவிட்டார்கள்.

சபைக் குழு கூடி முடிவெடுத்தது. மிஷன் ஞாயிறன்று அத்தை அந்த வேண்டுதலைக் கடைசி முறையாகச் சொல்வாள். அடுத்த வாரத்திலிருந்து, உலகத்தில் பிரசவ வேதனையில் இருக்கிற எல்லாத் தாய்மாருக்காகவும் பொதுவாக ஒரு வரி. குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் அத்தையிடம் கண்ணாடி வாங்கியவர்கள்தான். முடிவைச் சொல்லும்போது ஒருவர் பாக்கியில்லாமல் அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை சண்டை போடவில்லை. அதுதான் மாமாவுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் கடையில், ஒரு ஃபிரேமின் திருகாணியை அவள் முறுக்கிக்கொண்டே இருந்தாள். திருகாணி எப்போதோ இறுகிவிட்டது.

“உடைஞ்சிடப் போவுதும்மா,” என்றார் மாமா.

“அவங்க சொல்றதும் சரிதாங்க. எத்தனை நாளைக்கு? கேக்கறவங்க சிரிக்கறாங்க. நீங்களே சிரிக்கறீங்க.”

மாமா கைகளைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சிரிச்சேன்தான். சிரிச்சுக்கிட்டே ஒவ்வொரு வாரமும் ‘கேட்டருளும்’னு சொல்லியிருக்கேன். ஒரு வாரம் சொல்லாம விட்டதில்ல. எனக்குக் காய்ச்சல் வந்து வீட்ல படுத்திருந்தேனே, அன்னிக்கும் மணியைப் பாத்து, இந்நேரம் நீ அந்த எடத்துக்கு வந்திருப்பேன்னு கட்டில்ல கிடந்தே சொன்னேன்.”

அத்தை அழுதாள். கடை திறந்திருந்தது, வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்தார், பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார்.

“செத்துப்போயிருந்தா, செத்துப்போச்சுன்னாவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்,” என்றாள். “எனக்கு அது போதும்ங்க. அழுது முடிச்சிருப்பேன்.”

மிஷன் ஞாயிறு வந்தது. ஆலயம் நிரம்பி வழிந்தது. திரையில் கடலுக்கு அப்பால் இருப்பவர்களைப் பார்க்கலாம் என்றதும், பண்டிகைக்கு மட்டும் தலைகாட்டுகிறவர்கள்கூட வந்து இடம் பிடித்திருந்தார்கள். முதலில் திரை, பிறகு பரிந்துரை ஜெபம் என்று ஒழுங்கு. அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது, இனிமேல் ஜெபம் சொல்ல எழுவதே இல்லை என்று மனதுக்குள் தீர்மானித்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு யாருடைய காதோ பெரிதாகத் தெரிந்தது. காது விலகியதும் ஓர் ஆலயம். தகரக் கூரை, நீலம் பூசிய சுவர், பெஞ்சு பெஞ்சாக நெருக்கி உட்கார்ந்த ஜனங்கள். வாசலில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இங்கே இருந்தவர்கள் கையை ஆட்டினார்கள். அங்கே இருந்தவர்களும் ஆட்டினார்கள். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் இரண்டு சபையும் ஆட்டிக்கொண்டே இருந்தன.

அந்தச் சபையின் ஆயருக்கு நம் மொழி தெரியும். இங்கே வந்து இறையியல் படித்தவர். கற்றதெல்லாம் புத்தகத்திலிருந்து என்பதால், பேச்சும் அச்சடித்த மாதிரியே இருந்தது. வாழ்த்துச் சொன்னார். அவர்கள் பாடினார்கள். பாட்டின் வார்த்தை புரியவில்லை, ஆனால் மாமாவின் கால் தாளம் போட்டது. பிறகு அவர், “எங்கள் சபையின் மூத்த சகோதரி இப்போது நன்றி ஜெபம் ஏறெடுப்பார். ஒவ்வொரு ஞாயிறும் இவர்தான் ஏறெடுப்பார். சற்று நீளமாக இருக்கும், பொறுத்தருளுங்கள்,” என்றார்.

இங்கே பின்வரிசைக்காரர்கள் பழக்கதோஷத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

எழுந்து நின்றவள் ஐம்பதை ஒட்டிய பெண். பருத்த உடம்பு, நரைத்த தலை, நல்ல கணீர்க் குரல். அவள் சொல்லச் சொல்ல அந்த ஆயர் மொழிபெயர்த்தார். மழைக்கு நன்றி. விளைச்சலுக்கு நன்றி. மறுபடி கட்டிய ஆலயத்துக்கு நன்றி. பள்ளிக்கூடத்துக்கு, பாலத்துக்கு, காணாமல் போய்த் திரும்பி வந்த ஆட்டுக்கு நன்றி. அத்தை கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டைக்கூட விடாத அந்தப் பெண்மேல் அவளுக்கு ஒரு பிரியம் உண்டாகிவிட்டது.

அப்போது அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

“கடைசியாக,” என்று மொழிபெயர்த்தார் ஆயர், “கடலுக்கு அப்பால், எங்களுக்குப் பெயர் தெரியாத ஒரு சகோதரிக்காக நன்றி செலுத்துகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி மணி அடித்தபோது அதை எடுத்தாரே, அவருக்காக.”

அத்தை கண்ணைத் திறந்தாள்.

“எங்கள் மருத்துவர் அம்மா மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு என்னைக் கிடத்தியபோது, ‘பயப்படாதே, என் சிநேகிதி போனை எடுத்துவிட்டாள்’ என்றார். ‘இந்நேரம் அவள் சபை மொத்தத்தையும் முழங்காலில் நிறுத்தியிருப்பாள். அவளை எனக்குத் தெரியும்’ என்றார். அந்தச் சகோதரி எங்கே இருந்தாலும் அவரை ஆசீர்வதியும்.”

நீலச் சுவருக்குள் இருந்த சபை முழுவதும் ஒரே குரலில் ஏதோ சொன்னது. நாள்பட்ட பழக்கத்தில் தானாக வருகிற குரல் அது. அவர்கள் மொழியில் அது ‘ஆமென்’ என்றோ, ‘கேட்டருளும்’ என்றோ இருக்க வேண்டும்.

இங்கே ஆர்கன் வாசிப்பவர் பெடலிலிருந்து காலை எடுத்தார். புது ஆயர் அத்தையைப் பார்த்தார். அத்தை அதற்குள் எழுந்து நடந்துகொண்டிருந்தாள். திரைக்கு நேர் கீழே போய் நின்றாள்.

“ஐயா, அவங்ககிட்ட கேளுங்க,” என்றாள் திரையில் இருந்த ஆயரிடம். “குழந்தை? குழந்தை என்னாச்சு?”

“அத்தை, இந்த மைக்ல பேசுங்க,” என்று புது ஆயர் ஓடிவந்தார். பிறகு திரையில் இருந்த ஆயரைப் பார்த்தார். “இவங்கதான் போனை எடுத்தவங்க. இவங்கதான். சொல்லுங்க அவங்ககிட்ட.”

அது கடல் தாண்டிப் போய், மொழி தாண்டிப் போய், அந்தப் பெண்ணின் காதில் விழக் கொஞ்ச நேரம் பிடித்தது. விழுந்ததும் அவள் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். திரைக்கு மிக அருகே வந்துவிட்டாள், நெற்றியும் கண்களும் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கண்கள் அத்தையைத் தேடின. பிறகு சட்டென்று திரும்பி, ஆலயத்தின் கடைசிக்குக் கேட்கும்படி ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

பின்னால் ஒரு சலசலப்பு. வெளியே ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனை நாலைந்து பேர் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆள் நல்ல உயரம். மீசை இருந்தது, முன்மண்டையில் முடி இல்லை. கையில் இருந்த எண்ணெய்க் கறையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே, என்ன தப்பு செய்தோமோ என்று முழித்தபடி வந்து நின்றான். திரைக்குள் தலை அடங்கவில்லை. அம்மாக்காரி அவன் கழுத்தில் கை போட்டு, ஒரு அழுத்து அழுத்திக் குனிய வைத்தாள்.

“இவன்தான்,” என்றார் அந்த ஊர் ஆயர். “மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறான்.”

அத்தை பார்த்தாள். இத்தனை காலமும் அவள் மனதில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிசு கிடந்தது. ஞாயிறுதோறும் அதை அவள் ஆண்டவர் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது வழுக்கைத் தலையோடு ஒரு ஆம்பிளை குனிந்து நின்று, வெட்கத்தோடு அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டாள்.

அது மொழிபெயர்க்கப்பட்டது. சாப்பிட்டேன் என்று அவன் தலையை ஆட்டினான். அங்கே எல்லாரும் சிரித்தார்கள், இங்கே பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் கைக்குட்டையைத் தேடினார்கள்.

அந்தத் தாய் மறுபடி ஏதோ சொன்னாள். ஆயர் மெதுவாக மொழிபெயர்த்தார். “பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, மருத்துவர் அம்மா நெடுநேரம் சிரித்தார்கள். மறுபடி போன் செய்ய எத்தனையோ முறை முயன்றார்கள், இணைப்பு கிடைக்கவில்லை. வெளியேறச் சொன்னபோது, ‘பரவாயில்லை, நானே ஊருக்குப் போய் அவளிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்கள்.”

அத்தை முகத்தை மூடிக்கொண்டாள். ஏய், நீ சொல்லத்தான்டி வந்துக்கிட்டிருந்தே என்று அவள் முணுமுணுத்தது மைக்கில் கேட்டுவிட்டது. யாரும் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் புது ஆயர் அவள் தோளைத் தொட்டார். “அத்தை, இப்ப உங்க ஜெபம்,” என்றார். “மெதுவா வாங்க. அவங்களும் திரையில இருக்கட்டும்.”

அத்தை படியேறிப் போய் மேடையில் நின்றாள். கீழே அவள் சபை, சுவரில் இன்னொரு சபை. ஆளுகிறவர்கள் ஞாபகம் வரவில்லை, பரீட்சை எழுதும் பிள்ளைகள் ஞாபகம் வரவில்லை, தபால்காரரின் கால் சுத்தமாக மறந்துபோனது. மணிக்கணக்கில் ஜெபிக்கிற வாய் ஒட்டிக்கொண்டது. பின்வரிசையில் ஒருவரும் சாய்ந்து உட்காரவில்லை. எல்லாரும் நுனியில் இருந்தார்கள். பாடகர் குழுவிலிருந்து மாமா, சொல்லு என்பது போலத் தலையை ஆட்டினார்.

வழக்கம் என்னவோ அதை அவள் செய்தாள். கேட்டவள் அவள், முடிக்க வேண்டியவளும் அவள். தலை நிமிர்ந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிற சொந்தக்காரர்களிடம் வந்து சொல்கிற மாதிரி, சபையைப் பார்த்துச் சொன்னாள்.

“பிறந்தாச்சு. ஆம்பிளப் பிள்ளை. தாயும் சேயும் நலம்.”

சபை எழுந்து நின்றது. யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள், ஆலயத்தில் தட்டலாமா கூடாதா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் பெஞ்சுக்கு மேலே கையை நீட்டி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கி, புதுசாகப் பேரன் பிறந்த வீட்டில் கேட்பது போல, எப்படி இருக்கான், யார் ஜாடை என்று கேட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு முழங்காலிட்டவர்களில் இன்னும் உயிரோடு இருந்த ஏழெட்டுப் பேர் வாய்விட்டு அழுதார்கள். ஆர்கன்காரர் சுதி பிடிப்பதற்குள் மாமா அடிக்குரலில் ஸ்தோத்திரப் பாட்டை ஆரம்பித்துவிட்டார், அதுவும் தப்பான சுதியில். சபை அதே தப்பான சுதியில் சேர்ந்துகொண்டது. திரையில் இருந்தவர்கள் தங்கள் மொழியில், கொஞ்சம் பின்தங்கி, கூடவே பாடிக்கொண்டு வந்தார்கள்.